பிறர் கையில் கொடுப்பதற்கு முன்

ஜூன் 1, திங்கள்

பல்லடம் போய் வந்தேன். இரண்டு முறை குளித்தும் வாடை போகவில்லை.

சென்னியப்பன் என்பவரின் கோழிக்குஞ்சு பொரிப்பகம் அது. உள்ளே முட்டைகளை அடைகாக்கும் எட்டு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் ஓர் அறை அளவு; செட்டர் என்கிறார்கள். ஒவ்வொன்றின் வெப்பத்தையும் காற்றாடியையும் பார்த்துக்கொள்ள எங்கள் பட்டறையில் செய்த ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஓடும் இயங்குதளம் நான் கட்டியது. எங்கள் பட்டறையிலிருந்து வெளியே போன முதல் எட்டுப் பெட்டிகள் இவைதான். மூன்று மாதம் ஆகிறது.

சனிக்கிழமை மாலை கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டர் ஓடியதும் ஏழு பெட்டிகள் எழுந்துகொண்டன. நாலாவது எழவில்லை. ஆனால் அதன்மேல் பச்சை விளக்கு எரிந்தது. காவலுக்கு இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று போய்விட்டார். பச்சை விளக்குக்கு மின்சாரம் வருகிறது என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அது எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

பதினாறு நாள் ஆன முட்டைக்குள் இருக்கும் குஞ்சு தானே சூட்டைக் கிளப்பும். காற்றாடி நின்றால் முட்டைகள் ஒன்றையொன்று வேகவைத்துக்கொள்ளும். பத்தொன்பதாயிரம்.

அங்கே வேலை பார்க்கும் மயிலாத்தாள் ஒரு முட்டையை உடைத்து என் முன்னால் நீட்டினார். "பாருங்கம்மிணி. கண்ணு மூக்கு எல்லாம் வந்திருச்சு."

பார்த்தேன். வந்திருந்தது.

சென்னியப்பன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எங்கள் முதலாளி நவநீதன் சாரைப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க, பழைய டப்பாவுல இத்தன வருசத்துல ஒரு நாளும் இப்படி ஆனதில்லைங்க. புதங்கெழம அடுத்த செட்டு ஏத்தறேன். இருவத்தியொரு நாளு. அதுக்குள்ள இன்னொருக்கா ஒரு செட்டு போச்சுன்னா எட்டையும் கழட்டி உங்க வாசல்ல வெச்சுட்டுப் போயிருவேன்."

வேனில் திரும்பும்போது சார் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "சால்டர்தான்."

ஜூன் 2, செவ்வாய்

பெட்டிக்குள் இருக்கும் போர்டுகளில் ஈயம் உருக்கிப் பற்றவைப்பது, அதாவது சால்டரிங் செய்வது, சகாயமேரி அக்கா. ஒன்பது வருடமாக. ஜன்னலோரம் அவர் மேசை; பூதக்கண்ணாடி விளக்கு, தகரப் புகை, செல்போனில் மெதுவாக ஜெபப் பாட்டு. பட்டறையில் இருக்கும் ஆறு பேரில் என்னை 'கோகி' என்று கூப்பிடுவது அவர் மட்டும்தான். வீட்டிலேயே கோகிலாதான்.

காலையில் எல்லாரையும் நிற்கவைத்து சார் பேசினார். கையால் வைக்கும் சால்டரில் எங்கோ பிடிப்பு விட்டிருக்கிறது, அதிர்வில் ஆடுகிறது என்றார். வேறு காரணம் என்று நிரூபணம் ஆகாவிட்டால் அந்த வேலையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவாராம். மேரி அக்காவுக்கு ஜூன் முப்பதோடு கணக்கு முடிந்துவிடும்.

"சார், எட்டு போர்டும் ஒரே கைதான் வெச்சுச்சு. ஏழு நல்லாத்தானே ஓடுது?" என்றார் அக்கா.

"எட்டாவதுல கை நடுங்கியிருக்கும்."

பிறகு என் பக்கம் திரும்பி என் வேலையைப் பற்றிக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

மதியம் அக்கா சாப்பிடவில்லை. தன் டப்பாவை என் பக்கம் தள்ளினார். புளிசாதம். சாப்பிட்டேன்.

ஜூன் 3, புதன்

முட்டை ஏற்றிவிட்டார்கள். இன்று முதல் எண்ண வேண்டும்.

நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்ட விதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரி முடிந்து பவானியில் வீட்டோடு இருந்த ஒன்றரை வருடம். சிப் செய்பவர்கள் வெளியிடும் கையேடு இரண்டாயிரத்து நூறு பக்கம். எல்லாம் அதில் இருக்கும். எங்கே தொடங்குவது என்பது மட்டும் இருக்காது. பாத்திரங்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டுக் கதையைச் சொல்லாமல் போன நாவல் மாதிரி.

அப்போதுதான் இணையத்தில் அந்தப் பாடக்குறிப்புகள் கிடைத்தன. பதினான்கு அத்தியாயம். எழுதியவர் பெயர் இல்லை, இரண்டு எழுத்துகள் மட்டும். ஆங்கிலம் அவருடைய மொழி இல்லை என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். ஆனால் அந்தக் குரல்! 'இப்போது திரையில் ஒன்றும் வராது. இது உன் தவறு இல்லை. ஒரு தேநீர் குடி. பிறகு கேபிளைப் பார்.' எத்தனையோ படித்திருக்கிறேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசிய எழுத்து மிகக் குறைவு.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டேன். பதிமூன்று அத்தியாயம். கடைசியின் தலைப்பு 'பிறர் கையில் கொடுப்பதற்கு முன்'. என் மேசையில் ஒரே ஒரு போர்டு. அதை யார் கையிலும் கொடுக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. கடைக்காரரிடம் அதை விட்டுவிடச் சொன்னேன்.

ஸ்பைரல் புத்தகம் இப்போதும் விடுதி அலமாரியில் இருக்கிறது. ஓரங்கள் எண்ணெய் பட்டு மஞ்சளாகிவிட்டன.

ஜூன் 5, வெள்ளி

நாலாவது பெட்டியைக் கழற்றி வந்து, அதற்குப் பதில் உபரியாக இருந்த பெட்டியை மாட்டியிருக்கிறோம். கழற்றிய போர்டை என் மேசையில் வைத்து, லேப்டாப்பிலிருந்து கேபிளை அதன் மூன்று கம்பி முனையில் சொருகினேன். அந்தக் கேபிள் வழியாகத்தான் அது என்ன செய்கிறது என்று எனக்குச் சொல்லும். நான் சொல்வதும் அதற்குப் போகும்.

அணைத்துப் போட்டேன். எழுந்தது. மறுபடி. எழுந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை இருநூறு முறை. இருநூறும் எழுந்தது.

டாக்டரிடம் கூட்டிப் போனதும் இருமல் நின்றுவிடும் குழந்தை.

ஜூன் 6, சனி

மேரி அக்கா அதே போர்டைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு புள்ளியாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். இரண்டு மணி நேரம் ஆனது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது; புகையால் என்றார். சால்டரிங் அயர்னே இன்னும் சூடாகியிருக்கவில்லை.

"நீயே வந்து பாரு கோகி. ஒண்ணு மங்கலா இருக்கா? எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னுது. எம் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நான் இப்படி மொகம் தொடச்சு விட மாட்டேன்."

ஜெனிஃபர், அவர் மகள். நர்சிங் இரண்டாம் வருடம்.

பார்த்தேன். எல்லாம் மின்னத்தான் செய்தது.

"உன் பக்கம் எல்லாம் சரிதானே?" என்றார். சந்தேகமாக அல்ல. ஆறுதலுக்காக.

ஜூன் 8, திங்கள்

இணையத்தில் தேடித் தேடி ஒரு பழைய கேள்விப் பலகைக்கு வந்து சேர்ந்தேன். ஆறு வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் என் கஷ்டத்தை அச்சு அசலாக எழுதியிருக்கிறார். 'என் கருவி சில நேரம் எழுவதில்லை. நான் சோதிக்கும்போது மட்டும் ஒழுங்காக எழுகிறது.' கீழே இறங்கினேன். யாரும் பதில் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து அவரே எழுதியிருந்தார்:

'சரியாகிவிட்டது. நன்றி.'

அவ்வளவுதான். அதற்குக் கீழே வெற்றிடம். பிறகு, இத்தனை வருடத்தில் பதினொரு பேர் வெவ்வேறு நாட்களில் வந்து கேட்டிருக்கிறார்கள்: எப்படிச் சரியானது? தயவுசெய்து சொல்லுங்கள். ஐயா, இருக்கிறீர்களா?

மின்னஞ்சல் அனுப்பினேன். முகவரி இல்லை என்று திரும்பி வந்தது.

இவ்வளவு கோபம் எனக்கு யார்மேலும் வந்ததில்லை. கையில் விளக்கை வைத்துக்கொண்டு, தன் வீட்டுக்கு வழி தெரிந்ததும் ஊதி அணைத்துவிட்டுப் போகிற மனிதர் எப்படிப்பட்டவராக இருப்பார்?

ஜூன் 10, புதன்

பல்லடத்தில் நாள் முழுக்க. காற்று சுழற்றி அடிக்கிறது. இந்த மாதம் அங்கே அப்படித்தானாம். கரண்ட் மூன்று முறை போனது. மூன்று முறையும் நாலாவது செட்டருக்குப் பக்கத்தில் கேபிளைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று முறையும் சமர்த்தாக எழுந்தது. ஜெனரேட்டர் அறைச் சுவர் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து ஒரு பெரிய காற்றுப்போக்கி மோட்டாரின் இரைச்சல். மயிலாத்தாள் பேசுவது பாதிதான் கேட்டது.

ஐந்து மணிக்குக் கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ் சூலூரைத் தாண்டும்போது போன். கரண்ட் போய் வந்ததாம். நாலாவது நின்றுவிட்டதாம்.

இந்தத் தடவை மயிலாத்தாள் பச்சை விளக்கை நம்பவில்லை. காற்றாடிச் சத்தம் கேட்கவில்லை என்று சுவிட்சை அணைத்துப் போட்டிருக்கிறார். மூன்றாவது தடவையில் எழுந்திருக்கிறது. முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

போர்டு வேறு. பெட்டி வேறு. அதே இடம். அதே நோய்.

ஜூன் 11, வியாழன்

அம்மா போனில் சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

ஜூன் 12, வெள்ளி

சார் முடிவு செய்துவிட்டார். வெளிக் கம்பெனியில் ஒரு போர்டு செய்யச் சொல்லியிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை அதை நாலாவதில் மாட்ட வேண்டும். அது நிற்காமல் ஓடினால் சால்டர்தான் என்று ஆகிவிடும்.

"ரெண்டு போர்டு, ரெண்டும் மேரி வெச்சது. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

மேரி அக்கா தன் மேசைக்குத் திரும்பினார். ஜெபப் பாட்டை நிறுத்திவிட்டார். அறை அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 13, சனி

இரண்டாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்' என்று இருக்கிறது. நடந்தது இது:

சார் கேட்டார்: "சாஃப்ட்வேர்ல ஒண்ணும் இல்லையே?"

நான் சொன்னேன்: "சாஃப்ட்வேர் சரியா இருக்கு சார்."

அப்போது நான் எதையும் சோதித்திருக்கவில்லை. பல்லடத்து வாடை தலைமுடியில் அப்படியே இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது. அதனால் சொன்னேன்.

பொய் என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஜூன் 15, திங்கள்

மறுபடி பல்லடம். பன்னிரண்டாம் நாள். மயிலாத்தாள் ஒரு முட்டையை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். செம்மண் நிறத்தில் ஓடும் நரம்புகள், நடுவே ஒரு கருமை, அது அசைந்தது.

நான் கேபிளைச் சொருகினேன். கரண்டை அணைத்துப் போட்டேன். எழுந்தது.

மயிலாத்தாள் சிரித்தார். "அந்த வயரச் சொருகுனா நல்ல புள்ளையா இருக்குதுங்க. நீங்க புடுங்கிட்டுப் போனா வேலையக் காட்டுது. எங்கூட்டு எருமையும் இப்புடித்தான். கறக்கற ஆளு மாறுனா காலத் தூக்கும்."

"நான் பக்கத்துல இருக்கறதால இல்ல, அது தற்செயல்..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டேன்.

வயரைச் சொருகினால்.

ஜூன் 16, செவ்வாய்

இன்று கேபிளே இல்லாமல் சோதித்தேன். திரையில் எதுவும் தெரியாது. சின்னக் காற்றாடி ஒன்றை மாட்டி, அது சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்தேன். அறுபது முறை. அறுபதும் எழுந்தது. அழுகை வந்துவிட்டது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

சாப்பாட்டு நேரம். மேரி அக்கா மேசைமேல் ஒரு மிக்சி. பக்கத்து வீட்டுக்காரருடையது, சுவிட்ச் போய்விட்டதாம்.

"என்னக்கா இது?"

"முப்பதாம் தேதிக்கு அப்புறம் இதுதானே பொழப்பு? இப்பவே பழகிக்கறேன்." சிரித்தார். சால்டர் வைத்து முடித்ததும் ஜாரில் தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டார். "ஓட்டிப் பாக்கணும்ல. உனக்கும் சட்னி ஆச்சு."

மிக்சி அலறியது. நான் பழக்கத்தில் என் போர்டை அணைத்துப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது.

காற்றாடி சுற்றவில்லை.

மிக்சி நின்றது. காற்றாடி சுற்றவில்லை. அணைத்துப் போட்டேன், சுற்றியது. "அக்கா, மறுபடி போடுங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மிக்சி ஓடியது. நாலில் மூன்று முறை நின்றது. கேபிளைச் சொருகினேன், மிக்சி ஓட ஓட, பத்துக்குப் பத்தும் எழுந்தது. கேபிளைப் பிடுங்கினேன், நின்றது.

சட்னி பசையாக அரைந்து ஜாரோடு ஒட்டிக்கொண்டது.

அக்கா மேசையைச் சுற்றி வந்து என் தோளைப் பிடித்தார். "மிக்சி போட்டா நிக்குதே! அப்ப சால்டர் இல்லதானே கோகி? என் கை இல்லதானே?"

"அப்படி உடனே சொல்ல முடியாதுக்கா. நல்லாப் பார்க்கணும்."

கையை எடுத்துக்கொண்டார். "பாத்துச் சொல்லு. உனக்குத்தான் தெரியும்," என்றார்.

காரணம் இன்னும் உறுதியாகத் தெரியவில்லை.

ஜூன் 17, புதன்

முந்தைய வரியை அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

மிக்சி அலறிய முதல் நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டி கண் விழித்ததும் முதலில் ஒரு சிறிய நிரல் ஓடும். அது மூன்று வினாடி காத்திருக்கும். அதற்குள் யாராவது கேபிள் வழியாக ஒரு விசையை அழுத்தினால், மேலே போகாமல் அங்கேயே நின்று 'என்ன செய்யட்டும்?' என்று கேட்கும். யாரும் அழுத்தாவிட்டால் மற்றதையெல்லாம் எழுப்பும். கேபிள் இல்லாதபோது அந்த முனை காற்றில் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு மோட்டார், இங்கே மிக்சி, அங்கே நாலாவது செட்டரை ஒட்டிய காற்றுப்போக்கி, தீப்பொறி விட்டால் அந்தச் சலனத்தை விசை என்று எடுத்துக்கொள்கிறது. யாரோ கூப்பிட்டதாக நினைத்து நின்றுவிடுகிறது. நின்று, என் கட்டளைக்காகக் காத்திருக்கிறது. நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். முட்டை வேகிறது.

அந்த மூன்று வினாடியை நான் யோசித்து வைக்கவில்லை. பாடக்குறிப்பில் இருந்தது, அப்படியே எடுத்துப் போட்டேன்.

போர்டை வரைந்தவர் அந்த முனையைத் தொங்கவிடாமல் கட்டியிருக்கலாம். கையேட்டின் அடிக்குறிப்பில் எங்காவது அது இருக்கும். தவறு முழுக்க என்னுடையது என்று சொல்ல முடியாது.

மூன்று வினாடியைப் பூஜ்யமாக்கி இயங்குதளத்தைத் திரும்பக் கட்டக் கொடுத்தேன். மூன்று மணி நேரம் ஓடியது. மேரி அக்கா இரண்டு முறை என் பக்கம் பார்த்தார்.

ஜூன் 18, வியாழன்

அந்தப் பாடக்குறிப்புகள் இன்னும் இணையத்தில் இருக்கின்றன. பதினான்காவது அத்தியாயத்தைத் திறந்தேன். நான்கே பக்கம்.

'இதுவரை நீ கற்பதற்காக ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தேன். மூன்று வினாடி. தவறு செய்தால் உள்ளே வந்து சரிசெய்ய அது உனக்குத் தேவைப்பட்டது. பிறர் கையில் கொடுப்பதற்கு முன் அதை மூடு. திறந்த கதவைக் காற்றும் தட்டும். அது நீதான் என்று உன் கருவி நம்பும். உனக்காகக் காத்திருக்கும். நீ அங்கே இருக்க மாட்டாய்.'

முதல் பக்கத்திலேயே. பத்தாவது வரியில்.

ஜூன் 19, வெள்ளி

வெளியே செய்த போர்டு வந்துவிட்டது. சாரோடு பல்லடம் போனேன். அவர் நாலாவதில் புதிய போர்டை மாட்டினார். நான் எட்டுப் பெட்டியிலும் புதிய இயங்குதளத்தை ஏற்றினேன்.

"என்னம்மா பண்ற?"

"சும்மா ஒரு செக் சார்."

காற்றாடிகள் ஒவ்வொன்றாக ஒரு நிமிடம் நின்று, மறுபடி ஓடின. அந்த ஒரு நிமிடத்தை மயிலாத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

பெட்டிகள் இனி நிற்காது. நானும் தப்பித்தேன். இப்படி எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்த்தேன்.

ஜூன் 21, ஞாயிறு

பதினெட்டாம் நாள். முட்டைகளைப் பொரிக்கும் தட்டுகளுக்கு மாற்றிவிட்டார்கள். நேற்றும் இன்றும் கரண்ட் ஐந்து முறை போனதாம். எல்லாம் எழுந்ததாம். சார் போன் செய்து மகிழ்ச்சியாகச் சொன்னார்: "பாத்தியா? போர்டு மாத்துனதும் கப்புனு நின்னுச்சு. நான் சொன்னேன்ல?"

"ஆமா சார்," என்றேன்.

சர்ச்சிலிருந்து வந்ததும் மேரி அக்கா ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். 'உனக்காகவும் ஜெபம் பண்ணினேன் கோகி. சாப்பிடாம இருக்காதே.'

ஜூன் 22, திங்கள்

அக்கா தன் இழுப்பறையைக் காலி செய்கிறார். பூதக்கண்ணாடி அவருடைய சொந்தக் காசில் வாங்கியது என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 23, செவ்வாய்

அந்தப் பழைய கேள்விப் பலகைக்குப் போனேன். 'சரியாகிவிட்டது. நன்றி.' நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எப்படிப்பட்டவர் என்று எட்டாம் தேதி கேட்டிருக்கிறேன்.

ஜூன் 24, புதன்

இருபத்தோராம் நாள்.

கதவைத் திறந்ததும் சத்தம். அப்படி ஒரு சத்தத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆயிரக்கணக்கான சின்னத் தொண்டைகள் ஒரே நேரத்தில். தட்டு தட்டாக ஈரம் காயாத மஞ்சள். மயிலாத்தாள் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். சுடச்சுட ஒரு ரொட்டித் துண்டு போல இருந்தது. அதன் நெஞ்சு என் விரலில் அடித்தது.

சென்னியப்பன் சிரித்தார். முதல் முறையாகப் பார்க்கிறேன். சார் அவர் காதருகில் குனிந்து கத்தினார்: "போர்டுதாங்க! மாத்துனதும் சரியாயிருச்சு! இனிமே கை சால்டரே கெடையாது!"

"அந்தம்மாவ அனுப்பியாச்சுங்களா?"

"முப்பதாம் தேதியோட!"

"சால்டர் இல்ல சார்," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. நான் எப்போதும் பேசுகிற குரல் அந்த அறையில் ஒரு குஞ்சுக்குக்கூட ஈடாகாது.

"என்னம்மா?"

"சால்டர் இல்ல சார்!"

"என்ன? சத்தமாச் சொல்லு!"

வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்தினேன். "தப்பு என்னுது! நான் எழுதுனதுல! மூணு வினாடி வெச்சிருந்தேன், எடுக்காம விட்டுட்டேன்! வெள்ளிக்கெழம வந்து எடுத்தேன்! போர்டு மாத்துனதால இல்ல! மேரி அக்கா கைல ஒண்ணுமே இல்ல!"

தட்டு அடுக்கிக்கொண்டிருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சாரின் முகம் என்ன ஆனது என்று நான் பார்க்கவில்லை. சென்னியப்பன் என் கையிலிருந்த குஞ்சை வாங்கித் தட்டில் விட்டார். எங்களை வெளியே கூட்டி வந்து கதவைச் சாத்தினார்.

"எப்பங்கம்மிணி தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பதினாறாம் தேதி."

விரல் விட்டு எண்ணினார். "எட்டு நாளு." சாத்திய கதவில் சாய்ந்துகொண்டார். "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். அப்புறம் சோத்தப் போட்டு அனுப்பியிருப்பேன்."

இன்று திட்டவில்லை. சாப்பிடச் சொல்லவும் இல்லை.

ஜூன் 25, வியாழன்

சார் கதவை மூடிவிட்டுப் பேசினார். என்னை இன்றே அனுப்பியிருப்பாராம். "ஆனா நீ போயிட்டா இந்த எட்டுப் பெட்டிய யாரு பாப்பா? ஒரு வரி எழுதி வெச்சிருக்கியா? எல்லாத்தையும் உன் மண்டைக்குள்ளயே பூட்டி வெச்சிருக்க."

உண்மைதான். இந்த நாட்குறிப்பில் மூன்று வருடத்துக்கான மழையும் மனவருத்தமும் இருக்கின்றன. என் வேலையைப் பற்றி இன்னொருவருக்குப் பயன்படும் ஒரு வரி இல்லை.

எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருக்கிறார். ஒன்றும் தெரியாத ஒருவர் படித்து, தானே இயங்குதளத்தைக் கட்டி, பெட்டியில் ஏற்ற முடிய வேண்டும். "எழுதி முடி. அப்புறம் பேசலாம்."

அப்புறம் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும். நன்றாக எழுதினால் நான் தேவைப்பட மாட்டேன்.

மேரி அக்காவின் கணக்கு முடியவில்லை, இருக்கச் சொல்லிவிட்டார். அக்கா பூதக்கண்ணாடியைத் திரும்ப மேசையில் மாட்டினார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"சொல்லுங்க மேடம்," என்றார்.

ஜூன் 27, சனி

எழுதுகிறேன். கடைசி அத்தியாயத்தை முதலில் வைத்துத் தொடங்கினேன்.

அந்தப் பழைய கேள்விக்குக் கீழேயும் காரணத்தை எழுதினேன். பெயரோடு. ஒரு மணி நேரத்தில் அந்தப் பதினொரு பேரில் ஒருவர் பதில் போட்டிருக்கிறார்: 'ஐந்து வருடம் தாமதம். இருந்தாலும் நன்றி.'

ஜூன் 30, செவ்வாய்

ஒன்றும் தெரியாத ஒருவர் படித்துச் செய்ய வேண்டும் என்றாரே, யார் என்று சாரிடம் கேட்டேன். மேரியை வைத்துப் பாரு என்றார்.

அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு. காகிதத்தில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்தார். தயங்கிய இடமெல்லாம் என் எழுத்தின் ஓட்டை. குறித்துக்கொண்டேன். பதினேழு இடம்.

சாயங்காலம் என் குறிப்பின் சோதனைப் பகுதிக்கு வந்தார். "'மூன்று வினாடிக் காத்திருப்பை நீக்கவும். பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு மிக்சியை ஓடவிட்டு, நூறு முறை அணைத்துப் போடவும்.'" விரல் நின்றது. "ஏன்னு போடலையே மேடம். ஏன்னு தெரியலேன்னா அடுத்து வர்றவங்க இத வேண்டாத வேலைன்னு தாண்டிப் போயிருவாங்க."

சரி. காகிதத்தை வாங்கி ஓரத்தில் எழுதினேன். காரணத்தை எழுதினேன். பேனாவை எடுக்கப் போனவள் எடுக்காமல் இன்னும் இரண்டு வரி எழுதினேன்:

'இந்தச் சோதனை முதலில் நடந்தது சகாயமேரியின் மேசையில், ஜூன் 16 அன்று. இதை எழுதுபவர் காரணத்தை அன்றே அறிந்தும் ஜூன் 24 வரை சொல்லவில்லை.'

அக்கா பூதக்கண்ணாடியை இழுத்து அதன் வெளிச்சத்தில் படித்தார். நிதானமாக, போர்டைப் பார்ப்பது போல, ஒவ்வொரு புள்ளியாக.

"தேதி சரியா இருக்கு," என்றார்.

பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு மிக்சியைப் போட்டார்.